கூலி தெரிகிறது, லாபம் தெரிவதில்லை

"விளையாடுறதுக்கு இத்தனை கோடியா? இதுக்கு மேலயும் கேட்டா அது பேராசை இல்லையா?"

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் கேட்டிருக்கிறது. 1974இல் கேட்டார்கள். 1982இல், 1987இல், 2011இல் கேட்டார்கள். முதலாளி கேட்டால் புரிந்துகொள்ளலாம், அது அவன் தொழில். ஆனால் கேட்டவர்களில் லாரி ஓட்டுகிறவர், இரும்பாலையில் வேலை பார்த்தவர், பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று எல்லோரும் உண்டு. தன் வேலையிடத்தில் சங்கம் வேண்டும் என்று நினைக்கிறவர்கூட, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மோதி விழுகிறவன் சங்கம் வைத்துப் பேரம் பேசினால் முகம் சுளிக்கிறார். உழைக்கிறவன் இன்னொரு உழைக்கிறவனைப் பார்த்து ஏன் இப்படிக் கேட்கிறான்? இதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, உடம்போடு உடம்பு மோதி நிலம் பிடிக்கிற ஆட்டம் அது. தேசியக் கால்பந்து லீக் 1920இல் தொடங்கியது. இப்போது 32 அணிகள். ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தது 1956இல். ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். அணிகளின் சொந்தக்காரர்களிலோ, லீக் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, ஒரு அணியின் பெரும்பங்கைக் கையில் வைத்திருந்த கறுப்பர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது அந்தப் பெயரை ஓக்லாந்தின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கறுப்பர்களின் கதையைச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்த கடிதம் மாதிரித்தான் நாம் படித்து வருகிறோம். அந்தக் கடிதத்தில் அடிபட்ட செய்தி மட்டும் இருக்காது. கோடிக்கணக்கில் சம்பாதித்தவர்களின் செய்தியும் இருக்கும். கோடி சம்பாதித்த பிறகும் ஒரு உழைப்பாளியைச் சமூகம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பது நாம் படிக்க வேண்டிய பாடம்.

*

ரசிகன் பேராசை என்று ஏன் ஆட்டக்காரனைச் சொல்கிறான்? ஆட்டக்காரனின் சம்பளம் அவனுக்குத் தெரியும். முதலாளியின் லாபம் தெரியாது. விஷயம் இவ்வளவு எளிமையானது.

இன்னார் இத்தனை ஆண்டுக்கு இத்தனை கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார் என்று பத்திரிகையில் வருகிறது. டீக்கடையில் பேசுகிற மாதிரி அங்கே பார்களில் உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் பெரும்பகுதி உறுதியில்லாத பணம் என்பது பெரிய எழுத்தில் வருவதில்லை. அடிபட்டாலோ ஆட்டம் சரிந்தாலோ அணி அவனைக் கழற்றிவிடலாம். மிச்ச ஆண்டுகளின் பணம் அதோடு போச்சு. ஒரு ஆட்டக்காரனின் சராசரி ஆட்டக்காலம் சங்கத்தின் கணக்குப்படி மூன்று ஆண்டுக்குச் சற்று மேல். இருபத்திரண்டு வயதில் உள்ளே வந்து இருபத்தாறு வயதில் வெளியே போகிறவனின் கூலிதான் தலைப்புச் செய்தியாகிறது.

முதலாளியின் கணக்கோ பெட்டிக்குள் இருக்கிறது. 2011இல் நடந்த பேச்சுவார்த்தையைப் பாருங்கள். லீக்கின் ஆண்டு வருமானம் அப்போது ஏறத்தாழ 900 கோடி டாலர். அதில் செலவு என்று சொல்லி முதலாளிகள் ஏற்கெனவே 100 கோடி டாலரை மேலாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பங்குபோட்டு வந்தார்கள். இன்னும் ஒரு 100 கோடி மேலாக வேண்டும் என்றார்கள். 16 ஆட்டச் சீசனை 18 ஆக்க வேண்டும் என்றார்கள். செலவு கூடிப்போச்சு, கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் வாதம். சரி, கட்டுப்படியாகவில்லை என்றால் பத்து வருஷத் தணிக்கைக் கணக்கைக் காட்டுங்கள் என்றது சங்கம். காட்ட மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான். நியாயமான எந்தப் பேரமும் இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். கணக்கைக் காட்டாமல் நஷ்டம் என்று சொல்கிறவனை எந்தச் சந்தையிலும் யாரும் நம்புவதில்லை. ஆனால் ரசிகர்களில் பலபேர் நம்பினார்கள். நம்பாதவர்களும் "கோடீஸ்வரனுக்கும் மகா கோடீஸ்வரனுக்கும் சண்டை, நமக்கென்ன" என்று இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்தார்கள்.

இந்த "இரண்டு பேரும் ஒண்ணுதான்" என்கிற பேச்சு நடுநிலை மாதிரித் தெரியும். தெரிகிற கூலியும் தெரியாத லாபமும் ஒரே தராசில் ஏறும்போது தெரிகிற கூலிதான் கனமாகத் தெரியும். எனவே அந்த நடுநிலை எப்போதும் ஒரு பக்கமாகத்தான் சாயும்.

இன்னொரு வேடிக்கை. 2011 மார்ச்சில் வேலையை நிறுத்தியது ஆட்டக்காரர்கள் இல்லை. முதலாளிகள்தான் கதவை அடைத்தார்கள். மார்ச் 12 முதல் ஜூலை 25 வரை ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைய முடியவில்லை. ஆனாலும் அதைப் பலர் ஸ்ட்ரைக் என்றே பேசினார்கள். வேலை நின்றால் நிறுத்தியவன் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருக்கிறது. இதில் இன்னும் ஒன்று. ஆட்டமே நடக்காவிட்டாலும் 400 கோடி டாலர் அளவுக்கு டிவி கம்பெனிகளிடமிருந்து பணம் வருகிற மாதிரி முதலாளிகள் முன்னாலேயே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து நல்ல விலை பேச வேண்டிய கடமையை லீக் மீறிவிட்டது என்று மினசோட்டா நீதிபதி டேவிட் டோட்டி 2011 மார்ச் 1 அன்று தீர்ப்புச் சொன்னார். சண்டைக்கு முன்னாலேயே தானியத்தைக் குதிரில் நிரப்பி வைத்துக்கொண்டு, "எனக்கும் கஷ்டம்தான்" என்று சொல்கிற பண்ணையார்த்தனம் இது. இதைத் தெரிந்துகொள்ள ரசிகனுக்கு நேரமில்லை. அவனுக்குத் தெரிந்தது செப்டம்பரில் ஆட்டம் இருக்குமா இருக்காதா என்பதுதான்.

*

ரசிகனுடைய இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. "எனக்கு வாய்ப்புக் கிடைச்சா நான் சும்மாவே ஆடுவேனே!" இதைச் சொல்லாத ரசிகன் இல்லை. இதில் அன்பு இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது. பொய்யென்று தள்ளிவிட முடியாது. சின்ன வயதில் தெருவில் ஆடியவன், அப்பாவோடு மைதானத்துக்குப் போனவன், அந்த ஆட்டத்தைச் சந்தோஷமாகத்தான் நினைக்கிறான்.

ஆனால் இந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது? வேலைக்கு வேலை என்ற பெயரையே எடுத்துவிடுகிறது. அது விளையாட்டு, அது வரம், அது பிறவியில் வந்த திறமை. ஆகவே கூலி என்பது தயவு, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். உலகத்தில் மலிவாகப் பிடுங்கப்பட்ட உழைப்பில் பெரும்பகுதி இப்படித்தான் பிடுங்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் சமையலுக்குப் பாசம் என்று பெயர். அடிமையின் பாட்டுக்குக் குதூகலம் என்று பெயர். சேவை, கடமை, பிறவிக் குணம் என்றெல்லாம் பெயர் மாற்றி உழைப்பை வாங்கிய வரலாறு நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளையாட்டா வேலையா என்பதை ஜான் மேக்கியின் உடம்பிடம் கேட்க வேண்டும். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் பெரிய ஆட்டக்காரர், கறுப்பர். 1970இல் இரண்டு லீக்குகளின் சங்கங்கள் ஒன்றானபோது முதல் தலைவரானவர். அந்தக் காலத்தில் ஒரு விதி. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் இஷ்டப்படி வேறு அணிக்குப் போக முடியாது. போனால், அவனை எடுத்துக்கொண்ட அணி பழைய அணிக்கு என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்று லீக் கமிஷனர் ரோசெல் முடிவு செய்வார். என்ன கேட்பாரோ என்ற பயத்தில் யாரும் யாரையும் எடுக்க மாட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தும் முடியாத நிலை. 1974 வேலைநிறுத்தத்தில் "சுதந்திரம் இல்லையேல் ஃபுட்பால் இல்லை" என்று ஆட்டக்காரர்கள் முழங்கியது இதை எதிர்த்துத்தான். மேக்கி வழக்குப் போட்டார். 1976இல் அப்பீல் கோர்ட்டு அந்த விதி சட்டவிரோதம் என்றது. 1972இல் ஆட்டத்தை விட்ட மேக்கிக்குப் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 1992இல். இருபது வருஷம். சங்கம் வைத்ததற்குத் தண்டனை என்று பேசாதவர் இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய கொடுமை. மேக்கிக்கு மறதி நோய் வந்தது. மோதி மோதி நொறுங்கிய மூளை. அவர் மனைவி சில்வியா மேக்கி லீக் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக 2007இல் லீக்கும் சங்கமும் சேர்ந்து, நினைவிழந்த முன்னாள் ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தருகிற ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. 88 என்பது மேக்கியின் சட்டை எண். அவர் இறந்தது 2011 ஜூலை 6. கதவடைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். முதலாளிகள் இன்னும் இரண்டு ஆட்டம் கூட்டு என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

சும்மாவே ஆடுவேன் என்று சொல்கிற ரசிகர் இந்த உடம்பையும் சும்மாவே தருவாரா?

*

1987க்குப் போவோம். செப்டம்பர் 22 அன்று வேலைநிறுத்தம். ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. சங்கத்தை நடத்தியவர் ஜீன் அப்ஷா, முன்னாள் ஆட்டக்காரர், கறுப்பர். முதலாளிகள் ஒரு வாரம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து அதே சட்டையை மாட்டிவிட்டு ஆட்டத்தை நடத்தினார்கள். டிவியும் ஒளிபரப்பியது. மூன்று வாரம் இப்படி நடந்தது. நம் தொழிற்சங்கப் பேச்சில் இவர்களுக்குப் பெயர் கருங்காலி. தன் இனத்து மரத்தையே வெட்டும் கோடாலிக்குக் காம்பாகிற மரம்.

ரசிகன் என்ன செய்தான்? ஊருக்கு ஊர் வேறுபட்டது. பிலடெல்பியா பழைய தொழிற்சங்க நகரம். லாரித் தொழிலாளர்களும் மற்றச் சங்கத்துக்காரர்களும் மைதான வாசலில் மறியலுக்கு வந்து நின்றார்கள். அறுபதாயிரத்துக்கு மேல் உட்காரும் மைதானத்தில் அக்டோபர் 4 அன்று உள்ளே போனவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். வேறு ஊர்களில் நிலைமை வேறு. டல்லாஸில், டென்வரில் கூட்டம் வரத்தான் செய்தது. சட்டையின் நிறம் போதும், உள்ளே யார் இருந்தால் என்ன?

இந்த வித்தியாசத்தில்தான் என் நம்பிக்கை இருக்கிறது. ஃபுட்பால் மேல் உள்ள ஆசையில் பிலடெல்பியாக்காரன் யாருக்கும் குறைந்தவனில்லை. ஆனால் மறியல் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே பலருக்கும் வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம். மைதானத்தில் ஆடுகிறவனும் தன்னைப் போல ஒரு கூலிக்காரன் என்று அவன் கண்ணுக்குப் பட்டது. அப்படிப் பார்க்க முடியும் என்பதற்கு அந்தக் காலி நாற்காலிகள் சாட்சி.

வேலைநிறுத்தம் 24 நாளில் உடைந்தது. சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாமல் சில பெரிய ஆட்டக்காரர்களே கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. கேட்ட உரிமை பிறகு கோர்ட்டு வழியாகத்தான் வந்தது. 1992இல் ஃப்ரீமன் மெக்னீல் வழக்கில் ஜூரி தீர்ப்பு, 1993இல் ரெஜி ஒயிட் பெயரிலான வழக்கில் சமரசம். அணி மாறும் உரிமை கிடைத்தது. பதிலுக்கு, ஒரு அணி சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்ற உச்சவரம்பு 1994இல் வந்தது.

வெளியே நினைவு எப்படி எழுதப்பட்டது பாருங்கள். 2000இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்று 1987ஐ மனசில் வைத்து எடுத்தது. அதில் மாற்று ஆட்டக்காரர்கள்தான் வீரர்கள், ஏழைகள், நல்லவர்கள். ஸ்ட்ரைக் செய்தவர்கள் திமிர் பிடித்தவர்கள். 2018இல் வாஷிங்டன் அணியின் மாற்று ஆட்டக்காரர்களுக்கு முப்பது வருஷம் கழித்துச் சாம்பியன் மோதிரமும் கொடுத்தார்கள். அந்த ஆட்களைத் திட்ட நான் வரவில்லை. பலர் வேறு வேலை செய்து பிழைத்த ஏழைகள், ஒரு கனவுக்கு வந்தவர்கள். ஏழையின் கனவையே ஏழையின் சங்கத்துக்கு எதிராக நிறுத்தத் தெரிந்தவன் சாமர்த்தியத்தைத்தான் சொல்கிறேன்.

*

விசுவாசம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஆட்டக்காரன் அணி மாறினால் துரோகி. அவன் சட்டையைத் தெருவில் போட்டு எரிக்கிறார்கள். காசுக்காகப் போனான் என்று ஏசுகிறார்கள்.

மேக்கி ஆடிய அதே கோல்ட்ஸ் அணியை 1984 மார்ச் 28 ராத்திரி அதன் சொந்தக்காரர் லாரிகளில் ஏற்றிக்கொண்டு பால்டிமோரிலிருந்து இண்டியானாபொலிஸ் போய்விட்டார். ஹெல்மெட், சட்டை, கோப்பை எல்லாம். ஊர் காலையில் எழுந்து பார்த்தால் அணி இல்லை. 2016இல் செயின்ட் லூயிஸ் நகரத்தை விட்டு அணி லாஸ் ஏஞ்சல்ஸ் போனது. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய அரங்கத்தின் கடன் அப்போதும் தீரவில்லை. லாஸ் வேகாஸ் அரங்கத்துக்குப் பொதுப் பணம் 75 கோடி டாலர். அரங்கம் கட்டித் தரவில்லை என்றால் போய்விடுவேன் என்று மிரட்டுவதை அங்கே வியாபாரம் என்கிறார்கள். சம்பளம் கூட்டவில்லை என்றால் போய்விடுவேன் என்று ஒரு ஆட்டக்காரன் சொன்னால் அதைப் பேராசை என்கிறார்கள்.

ஒரே செயல், இரண்டு பெயர். பெயர் வைக்கிறவன் யார் என்பதுதான் எல்லா அறவியலுக்கும் முதல் கேள்வி. பால்டிமோர் ரசிகர்களுக்கு அந்தச் சொந்தக்காரர் மேல் கோபம் வந்தது, நிறையவே வந்தது. ஆனால் அது அந்த ஒரு ஆள் மேல் வந்த கோபம். அணியை ஒரு ஆள் சொத்தாக வைத்திருக்கலாமா என்ற கேள்வியாக அது வளரவில்லை.

அப்படி வைத்திருக்காத அணி ஒன்று அதே லீக்கில் இருக்கிறது. விஸ்கான்சினில் உள்ள சின்ன ஊரான கிரீன் பே. அதன் பேக்கர்ஸ் அணிக்கு 1923 முதல் ஊர்மக்கள்தான் பங்குதாரர்கள். இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். லாபப் பங்கு கிடையாது. அணியை யாரும் லாரியில் ஏற்றிப் போக முடியாது. வருஷா வருஷம் கணக்கை வெளியிடுகிற ஒரே அணியும் அதுதான். மற்ற அணிகள் இப்படி மக்கள் சொத்தாகக் கூடாது என்று லீக் விதியே போட்டு வைத்திருக்கிறது. ஒரு உதாரணம் போதும், இரண்டு ஆகிவிட்டால் ஜனங்களுக்கு யோசனை வந்துவிடும்.

அதே விஸ்கான்சினில் 2011 பிப்ரவரியில் பேக்கர்ஸ் சாம்பியன் ஆன கையோடு, மாநில கவர்னர் ஸ்காட் வாக்கர் அரசு ஊழியர் சங்கங்களின் பேர உரிமையைப் பறிக்கச் சட்டம் கொண்டுவந்தார். வாத்தியார்களும் நர்ஸ்களும் மேடிசன் நகரச் சட்டமன்றக் கட்டிடத்தையே நிரப்பினார்கள். பேக்கர்ஸின் இந்நாள் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் அவர்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். அணியின் சங்கப் பிரதிநிதியான சார்லஸ் வுட்சன், கறுப்பர், தனியாகவும் அறிக்கை விட்டார். வாத்தியாருக்காகக் கோடீஸ்வர ஆட்டக்காரன் பேசினான். கோடீஸ்வர ஆட்டக்காரனுக்காக எத்தனை வாத்தியார்கள் பேசினார்கள்?

சட்டம் மார்ச்சில் நிறைவேறியது. அடுத்த ஆண்டு லீக் நடுவர்களைப் பூட்டி வெளியே நிறுத்தியது. பிரச்சினையில் முக்கியமானது பென்ஷன். மாற்று நடுவர்களை வைத்து ஆட்டம் நடந்தது. ரசிகர்கள் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. நடுவர் தானே, யார் ஊதினால் என்ன? 2012 செப்டம்பர் 24, சியாட்டிலில் கடைசி நொடியில் ஒரு தப்பான தீர்ப்பு. பேக்கர்ஸ் தோற்றது. நாடே கொந்தளித்தது. உண்மையான நடுவர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று பொதுவில் எழுதியவர்களில் சங்க உரிமையைப் பறித்த அதே கவர்னர் வாக்கரும் ஒருவர்! இரண்டு நாளில் லீக் இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டது.

சிரிப்பு வருகிறதா? சிரிக்கலாம். ஆனால் இதில் உள்ள பாடத்தை விட்டுவிடக் கூடாது. உழைப்பின் திறமை அது இல்லாமல் போகிறபோதுதான் தெரிகிறது. ரசிகன் பென்ஷனுக்காகக் கொந்தளிக்கவில்லை, தன் அணி தோற்றதற்குத்தான் கொந்தளித்தான். அந்தச் சுயநலமே மூன்று மாதமாகத் தீராத பேச்சுவார்த்தையை இரண்டு நாளில் தீர்த்தது. ரசிகனிடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்று ரசிகனுக்குத்தான் தெரியவில்லை.

*

இனி நிறத்துக்கு வருவோம். 1934 முதல் 1945 வரை இந்த லீக்கில் ஒரு கறுப்பு ஆட்டக்காரர்கூட இல்லை. எழுதப்படாத தடை. 1946இல் கென்னி வாஷிங்டனும் உட்டி ஸ்ட்ரோடும் வந்து உடைத்தார்கள். வாஷிங்டன் அணி கறுப்பரைச் சேர்க்க 1962 வரை ஆனது.

2011இல் ஏட்ரியன் பீட்டர்சன் என்ற கறுப்பு ஆட்டக்காரர், இது நவீன அடிமைத்தனம் மாதிரி இருக்கிறது என்று பேட்டியில் சொல்லிவிட்டார். பெரிய ரகளை. கோடி வாங்கிக்கொண்டு அடிமையா என்று கொதித்தார்கள். அந்தச் சொல் சரியில்லைதான். விலைக்கு விற்கப்பட்ட, சாட்டையடி பட்ட மூதாதையரின் துயரத்தைச் சம்பளப் பேச்சுக்கு உவமையாக்கக் கூடாது. அதைச் சொல்லக் கறுப்பர்களுக்கு உரிமை உண்டு, சொல்லவும் செய்தார்கள். ஆனால் கொதித்த மற்றவர்கள் 2017 அக்டோபரில் எங்கே போனார்கள்? தேசியகீதத்தின்போது மண்டியிட்ட ஆட்டக்காரர்களைப் பற்றிய முதலாளிகள் கூட்டத்தில், ஹூஸ்டன் அணி முதலாளி பாப் மெக்நேர், கைதிகள் சிறையை நடத்த விடக் கூடாது என்ற அர்த்தத்தில் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வாய் தவறியது என்றார். வாய் தவறும்போது வருகிற உவமை எங்கிருந்து வருகிறது? பீட்டர்சன் சொன்ன உவமையும் மெக்நேர் சொன்ன உவமையும் ஒரே வீட்டின் இரண்டு ஜன்னல்கள்.

உவமையை விடுங்கள், கணக்குக்கு வாருங்கள். மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு லீக் ஈடு தர ஒப்புக்கொண்ட வழக்கில், பாதிப்பை அளக்கிற பரிசோதனையில் ஒரு முறை கையாளப்பட்டது. கறுப்பரின் மூளைத்திறன் ஆரம்பத்திலேயே வெள்ளையரைவிடக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். தொடக்கம் குறைவு என்றால் இழப்பும் குறைவு, இழப்புக் குறைவு என்றால் ஈடு கிடையாது. ஒரே மதிப்பெண் எடுத்த வெள்ளையருக்குப் பணம் கிடைக்கும், கறுப்பருக்குக் கிடைக்காது. 2020இல் கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆட்டக்காரர்களின் மனைவிமார் ஊர் ஊராகச் செய்தி சொல்லி, சுமார் ஐம்பதாயிரம் கையெழுத்து வாங்கி பிலடெல்பியா கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2021இல் லீக் அந்த முறையைக் கைவிடுவதாகச் சொன்னது.

பிறப்பிலேயே குறை என்று எழுதி வைத்து, அந்தக் குறையைக் காட்டிக் கூலியைக் குறைக்கிற கணக்கு. இதைப் படிக்கும்போது நமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தோழர் எழுந்து கேட்பார். கேட்க வேண்டும். "புதுசா சேர்றவனுக்கே 2011இல் குறைந்தபட்சம் மூணே முக்கால் லட்சம் டாலர். இவனுக்காக நான் ஏன் அழணும்? மைதானத்தில் கக்கூஸ் கழுவுறவளுக்கு யார் அழுறது?"

அழ வேண்டாம். அழச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் இடம் மாற்றிக் கேளுங்கள். அவனுக்குக் கொடுக்காவிட்டால் அந்தப் பணம் யாரிடம் போகும்? 2011 ஒப்பந்தத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்த ஆட்டக்காரர் பங்கு 47 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. புதிதாக வருகிறவர்களின் சம்பளம் வெட்டப்பட்டது. 2010இல் முதலாவதாகத் தேர்வான ஆட்டக்காரருக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர், 2011இல் அதே இடத்தில் வந்தவருக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. ஓட்டுப் போட உரிமையே இல்லாத, இன்னும் உள்ளே வராத பையன்களின் கூலியை வெட்டியபோது ரசிகர்களில் பலர் சபாஷ் என்றார்கள். அந்த மிச்சத்தில் டிக்கெட் விலை குறைந்ததா? கக்கூஸ் கழுவுகிறவளுக்குச் சம்பளம் கூடியதா? ஆட்டக்காரனிடம் பிடுங்கியது கீழே வரவில்லை, மேலே போனது. கக்கூஸ் கழுவுகிறவளைக் காட்டி ஆட்டக்காரனை வாயடைக்கிறவர்கள், அவள் சங்கம் வைக்கிற அன்றைக்கு ஆட்டக்காரனுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்வார்கள்.

சங்கத்துக்குள்ளும் எல்லாம் நேர்கோடு இல்லை. 2020இல் 17ஆவது ஆட்டத்தை அனுமதிக்கிற ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் உடம்பு தாங்காது என்றார்கள். குறைந்த சம்பளக்காரர்களுக்கு உயர்கிற குறைந்தபட்சக் கூலி தேவையாக இருந்தது. இல்லாதவன் உடம்பைக் கூடுதலாக விற்கச் சம்மதிப்பதும், அந்தச் சம்மதத்தைக் காட்டி எல்லோர் உடம்பையும் வாங்குவதும் புதிதில்லை. இதைப் பேசாமல் சங்கத்தைப் புகழ்வதும் சரியில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு கூலி நியாயம் என்று கேட்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை உழைக்கிறவனிடம் மட்டும் கேட்டு, சொத்து வைத்திருக்கிறவனிடம் கேட்காமல் விடுகிறபோது, அது கேள்வியாக இருப்பதில்லை, காவல்வேலை ஆகிவிடுகிறது. சம்பளம் வாங்காமல் காவல் நிற்கிறான் ரசிகன். முதலாளியின் வாசலில், தன் வரிப்பணத்தில் கட்டிய வாசலில்.

அடுத்த ஒப்பந்தம் முடிய நாள் அதிகமில்லை. 2030 சீசன் வரைக்கும்தான். மறுபடியும் "விளையாடுறதுக்கு இத்தனை கோடியா" என்ற குரல் எழும். அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் திரும்பி, "கணக்குப் புஸ்தகத்தைக் காட்டச் சொல்லு, அப்புறம் பேசுவோம்" என்று சொன்னால் போதும். காலியாகக் கிடந்த பிலடெல்பியா நாற்காலிகளில் நியாயம் வந்து உட்காரும்.